13 அங்கங்களில் முடிந்த பிள்ளைப் பருவம்

1996ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘வேயின்ஹெட்’ என்னும் சிறுவர் சித்திரத் தொடர், 13 அங்கங்களுடன் 1997இல் முடிவுற்றது. நகைச்சுவை நடிகர் டேமன் வேயன்ஸ், நியூயோர்க்கின் செல்சிப் பகுதியில் வறுமையிடையே கழிந்த தம் பிள்ளைப் பருவத்தை அடியொற்றி அதனைப் படைத்தார். பிறவியிலேயே பாதம் வளைந்த கறுப்பினச் சிறுவனே அதன் நாயகன்.

சிறுவர் விரும்பாதது மறைதல் இயல்பே என்பர் சிலர். இவ்வாதம் போலியானது. வணிகத் தொலைக்காட்சி நிகழ்ச்சியை விற்பதில்லை. பார்வையாளரையே விளம்பரதாரருக்கு விற்கின்றது. விரும்புவோர் இருந்தும், விலைபோகும் தொகையினர் இல்லையெனின் தொடர் மடியும். 1990ஆம் ஆண்டின் சிறுவர் தொலைக்காட்சிச் சட்டம், வார இறுதியில் மணிக்குப் பத்தரை நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாதென்றது. எஞ்சிய நேரத்தில் எவருடைய வாழ்வு இடம்பெற வேண்டும் என்பதையோ சந்தைக்கே விட்டுவிட்டது.

அச்சந்தையின் தராசில், பொம்மையாக விற்கத்தக்க வீரனுக்கு எடையுண்டு. தொடர்மாடிக் குடியிருப்பின் ஏழைச் சிறுவனுக்கு எடையில்லை. தன் தெருவை ஒருபோதும் திரையிற் காணாத குழந்தை, தன் வாழ்வு கதையாகத் தகுதியற்றதென்றே கற்றுக்கொள்கின்றது. ஒரு சமூகத்தின் பிள்ளைப் பருவத்துக்கு 13 அங்கங்கள் போதுமா? தலையெண்ணிக் கலையை அளப்போர் விடையிறுக்கட்டும்.