இரவில் அழும் குழந்தையும் உறங்கும் தகப்பனும்

கைக்குழந்தை இரவில் இரண்டு மணிக்கொருதரம் விழித்து அழுதால், நம் நாட்டில் உடனே அதற்குக் காரணம் கண்டுபிடித்து விடுகிறார்கள். பாட்டி, கண் பட்டு விட்டது என்பாள். அடுத்த வீட்டுக்காரி, பட்சி தோஷம் என்பாள். மாமியார், தாய்ப்பாலில் சத்தில்லை என்பாள். மந்திரிக்கிறவன் தாயத்துக்குக் காசு கேட்பான். தகப்பனோ, "அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போ, நான் காலையில் வேலைக்குப் போக வேண்டாமா?" என்று புரண்டு படுத்துக்கொள்ளுவான்.

உண்மைக் காரணம் மிகவும் சாதாரணமானது. பிறந்த குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. தாய்ப்பாலோ சீக்கிரத்தில் ஜீரணமாகக் கூடியது. ஆகவே, அதற்கு அடிக்கடி பசிக்கின்றது. இரவு பகல் பேதமறியும் சரீர ஒழுங்கும் சுமார் 2, 3 மாதம் வரை குழந்தைக்கு ஏற்படுவதில்லை. அன்றியும், பால் சுரக்கச் செய்யும் 'புரோலாக்டின்' என்னும் சுரப்பு நீர் தாயின் உடலில் இரவில்தான் அதிகமாய் உண்டாகின்றது. இரவில் குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் குறையாமலிருக்கும். கனடாவில் 2018-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 6 மாதக் குழந்தைகளில் 100-க்கு 38 குழந்தைகள் 6 மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குவதில்லை என்று தெரிந்தது. அவற்றின் வளர்ச்சியில் அதனால் யாதொரு குறைவும் காணப்படவுமில்லை. கனடாவிலும் பட்சி பறந்து தோஷம் உண்டாக்கிற்றா என்று கேட்கின்றோம்.

6 மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகின்றது. இங்கோ உரைமருந்தும், சர்க்கரைத் தண்ணீரும், தெருவில் விற்கும் கழுதைப்பாலும் அந்தச் சின்ன வாயில் ஊற்றப்படுகின்றன. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும், அது பால் குடிக்க மறுத்தாலும், மூத்திரம் குறைந்தாலும், எடை ஏறாவிட்டாலும் போக வேண்டிய இடம் வைத்தியசாலையே ஒழிய மந்திரவாதி வீடல்ல.

நிற்க, குழந்தை விழிப்பது இயற்கை. ஆனால், தாய் ஒருத்தி மாத்திரமே அதனோடு விழிக்க வேண்டுமென்பது எந்த இயற்கை? பால் கொடுப்பது ஒன்றுதான் ஆணால் ஆகாத காரியம். ஈரத்துணியை மாற்றவும், தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யவும், தட்டித் தூங்க வைக்கவும், பால் கொடுக்கிறவளுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டு வரவும் இரண்டு கைகள் போதாவா? வேலைக்குப் போகிறவனுக்குத் தூக்கம் வேண்டுமென்றால், விடிந்ததும் அடுப்பங்கரைக்கும் வயலுக்கும் ஆலைக்கும் போகிறவளுக்கு அது வேண்டாமா?

சட்டமும் இதே புத்தியில்தான் இருக்கின்றது. 1961-ம் வருஷத்து மகப்பேறு சட்டத்தை 2017-ல் திருத்தி, முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் லீவு என்றார்கள். அச்சட்டத்தில் தகப்பனுக்கு ஒரு நாள்கூடக் கொடுக்கப்படவில்லை. மத்திய சர்க்காரின் ஆண் உத்தியோகஸ்தர்களுக்குத் தனி விதியின்படி 15 நாள் உண்டு. வயற்கூலிக்கும் கொத்து வேலைக்கும் போகும் தாய்க்கோ சம்பளத்தோடு லீவு என்ற பேச்சே இல்லை.

பல நாள் தூக்கமில்லாதவளுக்கு மனச்சோர்வு வந்தால் அது மேலும் வளரும். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு வியாதி, வைத்தியத்தால் தீரக்கூடியது. நம்மவர்களோ அதற்குப் பேய் என்று பெயரிட்டு வேப்பிலை அடிக்கிறார்கள்!

ஆகவே, தோழர்களே! பகலில் குழந்தை தூங்கும்போது தாயையும் தூங்க விடுங்கள். அந்நேரத்து வீட்டு வேலையை நீங்கள் பாருங்கள். இரவில் விளக்கை மங்கலாக்கி, பேச்சும் விளையாட்டும் இல்லாமல் பால் கொடுக்கச் செய்து, பிறகு குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். குடித்துவிட்டு வருகிறவன் குழந்தையின் பக்கத்தில் படுக்கவே கூடாது. அவன் புரண்டால் அதன் உயிருக்கே அபாயம்.

மேடையேறிப் பெண் விடுதலை பேசுகின்ற தோழர் ஒவ்வொருவரையும் ஒன்று கேட்கின்றோம். நேற்று இரவு 2 மணிக்கு உங்கள் வீட்டுக் குழந்தை அழுதபோது எழுந்தது யார்? அதற்குச் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் மேடைப் பேச்சை ஊரார் நம்புவார்கள் என்று சொல்லுவோம்.