குரலே பகையானது

மலாய்க்காரர்கள் ‘பாராவ்-பாராவ்’ என்று அழைக்கும் பறவை, புல்புல் இனத்திலேயே மிகப் பெரியது. ஏறக்குறைய 29 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். தலை வைக்கோல் நிறத்தில் மின்னும். கன்னத்தில் மீசை போன்ற ஒரு கறுப்புக் கோடு ஓடும். ஆனால், இதற்குப் பெயர் வாங்கித் தந்தது அழகன்று, குரல்தான். ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடினால் ஆற்றின் மறுகரையிலும் கேட்கும்.

ஒரு காலத்தில் தாய்லாந்தின் தென்பகுதியிலிருந்து ஜாவா வரை ஆற்றோரக் காடுகளில் இப்பறவை சாதாரணமாகக் காணப்பட்டது. இன்று தாய்லாந்தில் இது இல்லை. ஜாவாவில் முற்றிலும் அழிந்துவிட்டதாகவே கருதப்படுகிறது. சுமத்ராவின் நிலையும் அதுவே. தீபகற்ப மலேசியாவில் தாமான் நெகாரா போன்ற சில இடங்களில் மட்டும் அதன் பாட்டைக் கேட்கலாம். 2018ஆம் ஆண்டில், அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது.

காடழிப்பே இதற்குக் காரணம் என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். காடு மட்டுமே காரணம் என்றால், காடு குறைவாக உள்ள சிங்கப்பூரில் இப்பறவை முதலில் மறைந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. உலகில் எஞ்சியுள்ள பாராவ்-பாராவ் பறவைகளில் கணிசமான பங்கு இன்று அங்குதான் வாழ்கிறது. சுமார் 10 சதுரக் கிலோமீட்டரே பரப்புள்ள புலாவ் உபின் தீவு அவற்றின் கோட்டையாக விளங்குகிறது. காரணம் எளியது. அங்கே பறவைகளைப் பிடிக்க விடுவதில்லை.

மற்ற இடங்களில் இதைப் பிடிப்பது கடினமன்று. பாட்டே அதன் இருப்பிடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆற்றோரத்தில் வாழ்வதால் படகிலேயே சென்றுவிடலாம். கூண்டில் அடைத்த ஒரு பறவையைப் பாட வைத்தால், தன் எல்லைக்குள் வேறொன்று நுழைந்துவிட்டது என்று எண்ணிக் காட்டுப் பறவை தானாகவே வலையை நோக்கி வரும். சோடியில் ஒன்று போனால் அந்த இடத்தில் குஞ்சுகள் ஏது?

பறவை வளர்ப்பு தங்கள் பண்பாடு என்பது வளர்ப்போரின் வாதம். அதைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. வீடு, மனைவி, குதிரை, கிரிஸ் கத்தி, பறவை ஆகிய ஐந்தும் அமைந்தவனே நிறைவான மனிதன் என்பது ஜாவாவின் பழைய நம்பிக்கை. குதிரையும் கத்தியும் இல்லாமல் இன்று அங்கே பலர் நிறைவாகத்தான் வாழ்கிறார்கள்! பண்பாடு மாறக்கூடியது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பண்ணையில் பிறந்த பறவைகளை வாங்கலாமே என்று சிலர் கேட்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால், காட்டில் பிடித்ததைப் பண்ணையில் பிறந்தது என்று சொல்லி விற்றால் வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? கண்காணிப்பு இல்லாத சந்தையில் பண்ணை என்பது ஒரு முகமூடியாகிவிடும்.

2022ஆம் ஆண்டில் மலேசியா, சிங்கப்பூர், அமெரிக்கா ஆகிய நாடுகள் முன்மொழிந்ததால், காட்டில் பிடித்த பாராவ்-பாராவ் பறவைகளை நாடு விட்டு நாடு கொண்டு சென்று விற்பதற்குப் பன்னாட்டு அளவில் தடை வந்தது. வரவேற்கத்தக்க முடிவு. எனினும், அது எல்லை தாண்டும் வணிகத்துக்கு மட்டுமே பொருந்தும். ஒரு நாட்டுக்குள்ளேயே பிடித்து, அங்கேயே விற்கப்படும் பறவைக்கு அந்தத் தடையால் பயனில்லை. அந்தச் சந்தைகளை மூடும் அதிகாரம் அந்தந்த நாட்டு அரசிடமும், விலை கொடுத்து வாங்குவோரிடமும்தான் இருக்கிறது.