ஓடுவதற்கு எத்தனை நாள் கூலி?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து கிலோமீட்டர் பந்தயத்தில் ஓட ஒரு வாலிபன் எவ்வளவு பணம் கட்டுவது நியாயம்? விலைவாசியும் வேலையில்லாத் திண்டாட்டமும் கழுத்தை நெரிக்கிற காலத்தில் இதுவும் ஒரு பிரச்னையா என்று சிலர் கேட்கலாம். பிரச்னைதான் என்கிறோம் நாம். சென்னை, பெங்களூரு, மும்பை போன்ற பெருநகரங்களில் நடக்கிற மாரத்தான் பந்தயங்களில் பத்து கிலோமீட்டருக்கே ஆயிரம் ரூபாயை ஒட்டியும் அதற்கு மேலும் வசூலிக்கிறார்கள். 42 கிலோமீட்டர் முழுப் பந்தயத்துக்கு இரண்டாயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. பெயர் கொடுத்த பிறகு காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் பணம் திரும்ப வராது என்பது பெரும்பாலான பந்தயங்களில் எழுதி வைத்த விதி.

ஆயிரம் ரூபாய் என்றால் எவ்வளவு? 2025-26 நிதியாண்டுக்கு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். ஆகவே மூன்று நாள் வெயிலில் நின்று மண் வெட்டினால் ஒரு மணி நேரம் ஓடலாம்! அந்த மூன்று நாளும் வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பது சொல்லாமல் விட்ட நிபந்தனை.

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். நெல்லும் மல்லாட்டையும் கரும்பும் விளைகிற பூமி. நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிற குடும்பங்கள் நிறைந்த பூமி. இங்கே ஓடத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமா? இல்லை. தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்துச் சாலையையும் போல, விடியற்காலையில் வாலிபர்களும் பெண்பிள்ளைகளும் மூச்சிரைக்க ஓடுகிற பூமி இது. இவர்கள் உடம்பு இளைப்பதற்காக ஓடவில்லை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். ராணுவத்துக்கு ஆள் எடுப்பதென்றாலும் ஓடத்தான் சொல்கிறார்கள். வேலைக்காக ஓடுகிற இந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் நல்ல நெடுந்தூர வீரர்களாக வரக் கூடியவர்கள்? பந்தயத்தில் நிறுத்திப் பார்த்தால்தானே தெரியும்! பந்தய வாசலில் கட்டணச் சீட்டு தொங்குகிறது.

இதே ஜில்லாவில் செய்யாறு சிப்காட்டில் விளையாட்டுக் காலணி செய்கிற தொழிற்சாலைகள் இருக்கின்றன. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வேலை பார்க்கிறார்கள். ஓடுகிறவன் உடுத்துகிற பனியனுக்குத் திருப்பூர்த் தொழிலாளி ஊசி பிடிக்கிறான். காலணி செய்கிறவளும் பனியன் தைக்கிறவனும் பந்தயத்தை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதா?

உழைப்பாளியை ஓட்டக் களத்துக்கு வெளியே நிறுத்துவது புது விஷயமல்ல. இங்கிலாந்தில் 1866ல் தோன்றிய அமெச்சூர் தடகளக் கழகம், கைத்தொழில் செய்கிறவனுக்கும் கூலிக்காரனுக்கும் தன் பந்தயங்களில் இடமில்லை என்று விதியே வைத்திருந்தது. உடம்பை வருத்தி உழைக்கிறவன் கனவான்களோடு சமமாக நின்று ஓடக் கூடாதாம்! 1880ல் புதிய சங்கம் ஏற்பட்டபோது அந்த விதி கைவிடப்பட்டது. இன்றைக்கு எந்தப் பந்தயக் குழுவும் அப்படி ஒரு விதியை எழுதத் துணியாது. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. அந்தப் பழைய விதியின் வேலையைக் கட்டணமே செய்துவிடுகிறது.

உழைப்பாளி ஓடினால் என்ன நடக்கும் என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது. 1896ல் ஏதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தானில் ஜெயித்த ஸ்பிரிடன் லூயி, தண்ணீர் சுமந்து விற்றவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000 மீட்டர், 10000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்ற செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஸாடோபெக், பதினாறு வயதில் காலணித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்தத் தொழிற்சாலை நடத்திய பந்தயத்தில் கட்டாயத்தின் பேரில் ஓடியதுதான் அவருடைய துவக்கம். அன்று அவரிடம் மூன்று நாள் கூலியைக் கட்டணமாகக் கேட்டிருந்தால்?

நம் நாட்டிலேயே மராட்டிய மாநிலம் பாராமதியில் லதா பகவான் கரே என்ற முதிய விவசாயக் கூலிப் பெண் இருக்கிறார். கணவனின் வைத்தியச் செலவுக்குப் பணமில்லாமல், புடவையைக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு பந்தயத்தில் ஓடி முதலாவதாக வந்தார். அவர் கதை சினிமாப் படமாகவே வந்தது. படம் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள் யோசிக்க வேண்டும்: பரிசுப் பணத்துக்காக ஓட வருகிற ஒரு ஏழைப் பெண்ணிடம் முதலில் ஆயிரம் ரூபாய் கேட்டால் அவள் எப்படி ஓடுவாள்?

பந்தயம் நடத்துகிறவர்கள் சொல்கிற சமாதானத்தையும் கேட்போம். "செலவு ஆகிறதே, யார் கொடுப்பது?" என்கிறார்கள். செலவு உண்டு. மறுக்கவில்லை. வழி நெடுகத் தண்ணீர் வேண்டும். டாக்டரும் ஆம்புலன்ஸும் வேண்டும். வாகனங்களைத் தடுத்து நிறுத்த ஆள் வேண்டும். நேரம் குறிக்க ஏற்பாடு வேண்டும். இவற்றில் ஒரு காசு குறைத்தாலும் உயிருக்கு ஆபத்து. 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 172 பேர் ஓடிய மலைப் பந்தயத்தில், திடீரென்று வீசிய கடுங்குளிர்க் காற்றிலும் மழையிலும் சிக்கி 21 பேர் மாண்டார்கள். ஆகவே பாதுகாப்பில் சிக்கனம் பிடித்து ஓட்டத்தை மலிவாக்கு என்று நாம் கேட்கவில்லை.

நாம் கேட்பது வேறு. கட்டுகிற ஆயிரத்தில் தண்ணீருக்கும் டாக்டருக்கும் போவது எவ்வளவு? மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் சினிமா நட்சத்திரத்துக்கும் விளம்பரத் தட்டிக்கும் போவது எவ்வளவு? கம்பெனிகள் தங்கள் பெயரைப் பொறிக்கக் கொடுக்கிற பணம் எவ்வளவு? நடத்துகிறவருக்கு மிஞ்சுவது எவ்வளவு? பல காலமாக ஓடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். "சாலைக்கும் தண்ணீருக்கும் வைத்தியத்துக்கும் கொடுக்கிறோம், வீட்டில் குவிந்து கிடக்கிற இன்னொரு பனியனுக்கும் இன்னொரு மெடலுக்கும் ஏன் கொடுக்க வேண்டும்?" என்பார்கள். ஓடுகிறவர்களின் இந்த அபிப்பிராயம் முற்றிலும் நியாயமானது. வேண்டுகிறவன் பனியனை வாங்கிக்கொள்ளட்டும். வேண்டாதவன் தலையில் கட்டாதே!

ஆரம்பத்தில் எல்லாம் இப்படியா இருந்தது? 1970ல் நியூயார்க் மாரத்தான் முதல் தடவை நடந்தபோது கட்டணம் ஒரே ஒரு டாலர். 127 பேர் புறப்பட்டார்கள். 55 பேர் முடித்தார்கள். இன்று அதே பந்தயத்துக்கு இருநூற்றைம்பது டாலருக்கும் மேல். ஓட்டத்தின் தூரம் ஓர் அடிகூட நீளவில்லை. வியாபாரம்தான் நீண்டிருக்கிறது.

காசில்லாமல் பந்தயமே நடக்காது என்பதும் பொய். 2004 அக்டோபரில் லண்டன் புஷி பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கிய பார்க்ரன் என்ற வாராந்தர ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் இன்று பல நாடுகளில் நடக்கிறது. சனிக்கிழமைதோறும் ஊர்க்காரர்களே முன்வந்து நேரம் குறிக்கிறார்கள், வழி காட்டுகிறார்கள். கட்டணம் கிடையாது. 2016ல் இங்கிலாந்தில் ஓர் ஊராட்சி, பூங்காப் பாதையைப் பராமரிக்கப் பணம் வேண்டுமென்று ஓடுகிறவர்களிடம் கேட்டது. கட்டணம் வாங்கி ஓட்டம் நடத்த மாட்டோம் என்று அமைப்பாளர்கள் அங்கே ஓட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். ஊராட்சியின் கஷ்டமும் உண்மையானதே. ஆனால் பொதுப் பாதையைப் பேணுவது பொதுப் பணத்தின் கடமை. ஓடுகிறவன் ஏற்கெனவே வரி கட்டியவன்தான்.

அவ்வளவு தூரம் போவானேன்? திருவண்ணாமலையில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் லட்சக்கணக்கான ஜனங்கள் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடக்கிறார்கள். நடப்பதற்கு யாரும் சீட்டுக் கேட்பதில்லை. சாலையும் விளக்கும் போலீஸ் பந்தோபஸ்தும் பொதுச் செலவு. வழியில் தண்ணீரும் சோறும் கொடுக்கிறவர்கள் ஜனங்களே. பக்தி உள்ளவரும் இல்லாதவரும் இதிலிருந்து ஒன்றைக் கற்கலாம்: பத்து கிலோமீட்டருக்கு மேல் பெருங்கூட்டத்தைப் பத்திரமாக நடத்திச் செல்ல நம் ஊருக்குத் தெரியும்.

சர்க்காரும் கட்டணமில்லாமல் பந்தயம் நடத்தியிருக்கிறது. அண்ணா பிறந்த நாளையொட்டி 2023லும் 2024லும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஜில்லாதோறும் நெடுந்தூர ஓட்டம் நடத்தியது. 17 முதல் 25 வயது வரையுள்ள ஆண்களுக்கு 8 கிலோமீட்டர், அதற்கு மேற்பட்டவர்களுக்கு 10 கிலோமீட்டர், பெண்களுக்கு 5 கிலோமீட்டர். முதல் பரிசு 5000 ரூபாய். பத்தாவதாக வந்தவருக்கும் 1000 ரூபாய். கட்டணம் கேட்காமல், பரிசும் கொடுத்துப் பந்தயம் நடத்த முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் வருஷத்துக்கு ஒரு நாள், அதுவும் ஜில்லாத் தலைநகரில் மட்டும் என்றால் போதாது. காலை ஆறு மணிப் பந்தயத்துக்குக் கீழ்பென்னாத்தூருக்கு அப்பாலுள்ள குக்கிராமத்திலிருந்து எந்தப் பஸ்ஸில் போவது? பஸ் செலவும் ஒரு நாள் கூலி நஷ்டமும் கண்ணுக்குத் தெரியாத கட்டணமல்லவா?

எல்லாருக்கும் ஒரே கட்டணம் என்பதுதான் சமத்துவம் என்று சிலர் வாதிக்கிறார்கள். மாதம் லட்ச ரூபாய் வாங்குகிறவனுக்கு ஆயிரம் ரூபாய் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. நடவு நடுகிறவளுக்கு அது மூன்று நாள் வாழ்க்கை. இதில் சமத்துவம் எங்கே? தென்னாப்பிரிக்காவில் 1921 முதல் நடக்கிற காம்ரேட்ஸ் மாரத்தான், அந்நாட்டாருக்கு ஒரு கட்டணமும் பணக்கார நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு அதைவிடப் பல மடங்கும் வைத்திருக்கிறது. கறுப்பு மக்களையும் பெண்களையும் 1975 வரை அதிகாரபூர்வமாகச் சேர்க்காத பந்தயம் அது! நிறத்தின் கதவு திறந்த பிறகு, பணத்தின் கதவையும் கொஞ்சம் திறந்து வைக்கத்தான் வேண்டியிருக்கிறது.

இலவசமென்றால் பெயர் கொடுத்துவிட்டு வராமல் இருந்துவிடுகிறார்கள், ஏற்பாடு வீணாகிறது என்றும் ஒரு குறை சொல்லப்படுகிறது. உண்மையான குறைதான். பரிகாரம் சுலபம். ஐம்பது ரூபாய் முன்பணம் வாங்கு. புறப்படும் இடத்தில் எண்ணை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறவனுக்கு அங்கேயே திருப்பிக் கொடு.

ஆகவே நியாயமான கட்டணத்துக்கு அளவுகோல் என்ன? சந்தை விலை அளவுகோலாகாது. கூலிதான் அளவுகோல். நாம் கோருவது இவை:

1. விவசாயத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர், வேலையில்லா வாலிபர் ஆகியோரிடம் அரைநாள் கூலிக்கு மேல் வாங்கக் கூடாது. மேலே சொன்ன 336 ரூபாய்க் கணக்கில் அது 168 ரூபாய். ரேஷன் கார்டோ நலவாரிய அட்டையோ அத்தாட்சியாகப் போதும்.

2. பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் கட்டணமே கூடாது.

3. பனியன், மெடல், சாப்பாடு ஆகியவற்றின் விலையைத் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். தண்ணீர், வைத்தியம், நேரக் குறிப்பு எல்லாருக்கும் ஒன்றே.

4. பொதுச் சாலையை மூடிப் போலீஸ் உதவியோடு நடத்துகிற ஒவ்வொரு பந்தயமும், முடிந்த ஒரு மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். அனுமதி தரும் அதிகாரிகள் இதை நிபந்தனையாக்க வேண்டும்.

5. நோயால் ஓட முடியாதவருக்குப் பணம் திரும்ப வேண்டும். அல்லது அவர் இடத்தை வேறொருவருக்கு மாற்றித் தர வேண்டும்.

6. சர்க்கார் நடத்துகிற கட்டணமில்லா ஓட்டம் தாலுகாதோறும் நடக்க வேண்டும். கீழ்பென்னாத்தூரில் ஓடுகிறவன் கீழ்பென்னாத்தூரிலேயே ஓட வேண்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று கைகட்டி நிற்கவும் வேண்டாம். ஊர்தோறும் வாலிபர்கள் கூடினால் ஐந்து கிலோமீட்டர் பாதையை அளந்து, ஒரு கைக்கடிகாரத்தையும் நாலு குடம் தண்ணீரையும் வைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முன்கூட்டியே தகவல் சொல்லி, மாதம் ஒரு ஞாயிறு பந்தயம் நடத்தலாம். ஓடியவர் பெயரையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய் ஜில்லா விளையாட்டு அலுவலகத்தின் மேஜைமேல் வையுங்கள். "இதோ எங்கள் ஊர் ஓட்டக்காரர்கள். இவர்களுக்கு மைதானம் எங்கே, பயிற்சியாளர் எங்கே?" என்று கேளுங்கள். ஆயிரம் ரூபாய் கட்டணம் மறைத்து வைத்திருக்கிற திறமை எவ்வளவு என்று அன்றைக்கு ஊருக்குத் தெரியும்.