ஓ.எம்.ஆரில் ஏசி, எண்ணூரில் சாம்பல்: உங்க கரன்ட் பில்லுக்கும் நகரத் திட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

மே மாசம். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற ரூம். ராத்திரி பதினோரு மணி ஆகியும் சுவர் சுடுது. ஏசி ஓடிக்கிட்டே இருக்கு. பில் வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "ஏசியை ஆஃப் பண்ணாம விட்டது யாரு?"

கேள்வி நியாயம்தான் மக்களே. ஆனா, அந்த பில்லுக்கு நீங்க மட்டுமே பொறுப்பில்லை. உங்க வீட்டுக்கும் பக்கத்து பில்டிங்குக்கும் எவ்வளவு இடைவெளி, தெருவில் மரம் இருக்கா, ஆபீஸ் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கு... இதில் பெரும்பகுதியை நீங்க குடிவர்றதுக்கு முன்னாடியே நகரத் திட்டம் முடிவு செஞ்சிடுச்சு.

2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் உச்ச மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. வெயில் கூடக் கூட ஏசி கூடுது, ஏசி கூடக் கூட கரன்ட் தேவை கூடுது. 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டம், 2037-38-ல் நாட்டின் குளிரூட்டல் தேவை 2017-18-ஐப்போல சுமார் 8 மடங்கு ஆகும்னு கணிக்குது.

2050-க்குள் கார்பன் சமநிலையை எட்டணும்னு 2023-ல் வெளியான சென்னை காலநிலைச் செயல்திட்டம் சொல்லுது. அதன் கணக்குப்படி, நகரத்தின் கார்பன் உமிழ்வில் சுமார் 70 சதவிகிதம் கட்டடங்களிலும் தொழிற்கூடங்களிலும் செலவாகும் மின்சாரம், எரிபொருளிலிருந்து வருது. அடுத்த இடம் போக்குவரத்துக்கு. அதாவது எங்கே வசிக்கிறோம், எப்படிக் கட்டுறோம், எப்படிப் போய் வர்றோம் என்ற மூணும்தான் பிரச்னையின் மையம்.

ரயில் முதல்ல வந்தப்போ...

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம்னு நினைக்க வேண்டாம். 1931-லேயே பீச் - தாம்பரம் தடத்தில் மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சாச்சு. 1920-களில் உருவான தி.நகர், மாம்பலம் ஸ்டேஷனை ஒட்டியே அமைஞ்சது. அங்கே வீடு வாங்கினவருக்கு ஸ்டேஷன் நடந்து போற தூரம். அப்போ யாரும் 'கார்பன்' என்ற வார்த்தையைப் பேசலை. ஆனாலும் வேலை சரியா நடந்தது.

இப்போ ஓ.எம்.ஆருக்கு வருவோம். டைடல் பார்க் திறந்தது 2000-ல். பறக்கும் ரயில் 2004-ல் திருவான்மியூர் வரை வந்தது. அப்புறம் தரமணி, பெருங்குடி வழியா வேளச்சேரி பக்கம் திரும்பிடுச்சு. சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி எல்லாம் ரயிலே இல்லாம வளர்ந்தது. ஆபீஸ் முதல்ல, அப்புறம் அபார்ட்மென்ட், அப்புறம் டிராஃபிக். கால் நூற்றாண்டு கழிச்சுதான் மாதவரம் - சிறுசேரி மெட்ரோ பணி நடந்துக்கிட்டு இருக்கு. இடைப்பட்ட காலத்தில் பைக்கும் காரும் கேபும் குடிச்ச பெட்ரோல், டீசலை எந்த மெட்ரோவும் திருப்பித் தராது.

போதாக்குறைக்கு, உச்சி வெயில் ஊரில் கண்ணாடி மாளிகைகள். கண்ணாடி வழியா வெப்பம் உள்ளே வருது. ஏசி அதை வெளியே தள்ளுது. வெளியே தெரு இன்னும் சூடாகுது.

சாம்பல் யார் தலையில்?

தென்சென்னையில் ஏசி ஓடணும்னா கரன்ட் எங்கிருந்தோ வரணும். அந்த 'எங்கிருந்தோ'வில் ஒரு பங்கு வடசென்னை. எண்ணூர், அத்திப்பட்டு வட்டாரத்து அனல் மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படிஞ்சதும், அதனால் மீனவர்களின் பிழைப்பு கெட்டதும் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம். குளிர்ச்சி ஒரு பக்கம், சாம்பல் இன்னொரு பக்கம்.

இதே அநியாயத்தின் இன்னொரு முகம் கண்ணகி நகர், பெரும்பாக்கம். நகரத்துக்குள் வேலை பார்த்துக்கிட்டிருந்த குடும்பங்களை ஓரத்தில் கொண்டுபோய்க் குடியமர்த்தினோம். வேலை பழைய இடத்தில், வீடு புது இடத்தில். தினம் போக வர ஆகும் நேரமும் காசும் அவங்க தலையில்.

சரி, சேர்த்துத் திட்டமிடுறதுன்னா என்ன?

ரயிலும் வீடும் சேர்ந்து வரணும். கோபன்ஹேகன் 1947-லேயே, ரயில் தடங்களை ஒட்டி விரல்கள் மாதிரி நகரம் வளரணும், நடுவில் பசுமை இருக்கணும்னு வரைஞ்சது. டென்மார்க் 1979-ல் வெப்ப விநியோகச் சட்டமே கொண்டுவந்தது. இன்னிக்கு கோபன்ஹேகன் கட்டடங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் குழாய் வழியா பொது வெப்பம் போகுது. அதே ஊர்தான் 2025-க்குள் கார்பன் சமநிலைன்னு அறிவிச்சிட்டு, அது முடியாதுன்னு 2022-ல் ஒப்புக்கொண்டது. அவங்களுக்கே சிரமம்னா, தாமதமா தொடங்குற நமக்கு இன்னும் அவசரம்.

நமக்கு வேண்டியது வெப்பம் இல்லை, குளிர்ச்சி. குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் ஒரு பொது நிலையம் தண்ணீரைக் குளிர்விச்சு, நிலத்தடிச் சுரங்கத்தில் போகும் குழாய்கள் வழியா பல கட்டடங்களுக்கு அனுப்புது. கட்டடத்துக்குக் கட்டடம் தனித்தனி ஏசி நிலையம் தேவையில்லை. ஆனா, ரோடு போடும்போதே குழாய்க்கு இடம் ஒதுக்கணும். பிறகு தோண்டினா செலவு எங்கேயோ போயிடும்.

அடுத்தது கூரை. பி.எம். சூர்ய கர் திட்டத்தில் வீட்டுச் சோலாருக்கு 78,000 ரூபாய் வரை மானியம் இருக்கு. சொந்த மொட்டை மாடி இருந்தா சந்தோஷம். அபார்ட்மென்ட்டில் மாடி எல்லாருக்கும் பொது. வாடகைக்கு இருந்தா அந்தப் பேச்சே இல்லை. பக்கத்தில் 15 மாடி எழும்பினா நிழல் விழுந்து பேனலும் வீண். பக்கத்துக் கட்டடத்தின் உயரத்தை முடிவு செய்யறது நீங்களா? நகரத் திட்டம்தானே!

இப்போ ஏன் இதைப் பேசணும்?

சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008-ல் வந்தது. அதன் இலக்கு ஆண்டு 2026. அடுத்த 20 வருஷத்துக்கான மூன்றாவது பிளானை சி.எம்.டி.ஏ. தயாரிக்குது. இதுக்கிடையில் பெருநகரப் பரப்பை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்க 2022-ல் அரசு முடிவெடுத்தது. அத்தனை இடத்திலும் ரயில் இல்லாத இன்னொரு ஓ.எம்.ஆர். முளைச்சா என்ன ஆகும்?

பிளான் போடுறது ஒரு துறை, கரன்ட் தர்றது இன்னொரு துறை, பஸ், மெட்ரோ வேறு வேறு கைகளில். டிக்கெட் மட்டும் 'சென்னை ஒன்' ஆப்பில் 2025-ல் ஒண்ணு சேர்ந்தது. வரைபடங்களும் சேரணும். மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்தில் கூடுதல் மாடிகளுக்கு அனுமதி கொடுத்துட்டு, வீட்டுக்கு ரெண்டு கார் பார்க்கிங்கும் கட்டினா பலன் பாதியாகும். வாடகை ஏறி, மெட்ரோவை நம்பி வாழ்றவங்களே வெளியேற வேண்டி வந்தா மிச்சமும் போச்சு. அதனால ஸ்டேஷன் பக்கத்திலேயே குறைந்த வாடகை வீடுகளுக்கும் இடம் ஒதுக்கணும்.

நீங்க என்ன செய்யலாம்?

வீடு தேடும்போது வாடகையை மட்டும் பார்க்காதீங்க. மாசப் பயணச் செலவையும், மேல்மாடி, மேற்குச் சுவர் தரும் ஏசி செலவையும் கூட்டிப் பாருங்க. 'சீப்'னு நினைச்ச வீடு காஸ்ட்லியா இருக்கலாம்.

முக்கியமா, மாஸ்டர் பிளான் வரைவு வெளியானதும் யார் வேணும்னாலும் ஆட்சேபணையும் ஆலோசனையும் எழுதித் தரலாம். 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமே அதுக்கு இடம் தருது. பில்டர்கள் அதை வரி விடாமப் படிப்பாங்க. உங்க ஏரியா பக்கத்தையாவது நீங்களும் படிங்க. ஸ்டேஷன் எங்கே, மரம் எங்கே, நடைபாதை எங்கேன்னு கேளுங்க. அந்த வரைபடத்தில் விழுற கோடு 2046 வரை அழியாது.