முதலில் இருந்தது ஒன்றா?

கிறித்துவ சமய வரலாற்றை மாணவர்க்கு எடுத்துரைப்போர் பெரும்பாலும் ஒரு மரத்தின் படத்தையே கரும்பலகையில் வரைகின்றனர். வேர் ஒன்று, அடிமரம் ஒன்று, கிளைகள் பின்னர்த் தோன்றியவை. இப்படத்தைக் கண்டு வளரும் மாணவன் 'பிரிவு' என்னும் சொல்லை ஐயமின்றி எழுதப் பழகிவிடுகிறான். பிரிவதற்கு முன்னர் ஒன்றாய் இருந்திருத்தல் வேண்டும் அன்றோ? அங்ஙனம் ஒன்றாய் இருந்ததற்குச் சான்று யாது என்று அவனும் வினவுவதில்லை, ஆசிரியரும் வினவுவதில்லை.

இம்மரத்தை ஊன்றி வளர்த்தவருள் தலையாயவர் செசரியா நகரின் ஆயர் யூசேபியஸ். 4 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சபையின் வரலாற்றை எழுதிய அவர், அப்போஸ்தலர் வாழ்ந்தவரையில் சபை மாசற்றிருந்தது என்றும், அவர்கள் மறைந்த பின்னரே பிழை உள்ளே புகுந்தது என்றும், தமக்கு முற்பட்ட எகெசிப்பஸ் என்பாரைத் துணைக்கழைத்துக் கூறுகிறார். ஆனால் அப்போஸ்தலர் காலத்து மடல்களே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. அந்தியோக்கியாவில் பேதுருவை முகத்துக்கு நேரே எதிர்த்ததாகப் பவுல் கலாத்தியர்க்கு எழுதினார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும், யூதரல்லாதாரோடு உடனிருந்து உண்பதைப் பேதுரு விட்டுவிட்டார் என்பதே குற்றச்சாட்டு. இது பந்தியில் எழுந்த சிறு பூசலன்று. யூத மறைச்சட்டத்தை ஏற்காமலே ஒருவர் முழுமையான அடியாராதல் கூடுமா என்னும் அடிப்படை வினா அதில் அடங்கியிருந்தது. அவ்வழக்கில் யார் வென்றார் என்பதை அம்மடல் கூறவில்லை. இயேசு மறைந்து முப்பது ஆண்டுகள் நிரம்புமுன் நிகழ்ந்தது இது.

எதெசா நகரின் செய்தி இன்னும் கூர்மையானது. இன்று துருக்கி நாட்டில் உர்ஃபா என வழங்கும் அந்நகர், சிரியாக் மொழிக் கிறித்துவத்தின் தாயகம். அந்நகர மன்னன் அப்கார் இயேசுவுக்கே மடல் எழுதினான், மறுமொழியும் பெற்றான் என்று யூசேபியஸ் வரைந்திருக்கிறார். கதை இனிமையானதே. ஆயினும் எதெசாவின் பழைய ஆண்டுக் குறிப்பேடு வேறொன்றைச் சொல்கிறது. மார்சியோன் சபையை விட்டு நீங்கியதையும், 154 ஆம் ஆண்டில் பர்தைசான் பிறந்ததையும் அது மறவாமல் பதிந்திருக்கிறது. ஆனால் ஆயர் ஒருவர் கோயிலுக்கு அடிக்கல் நாட்டிய செய்தி 313 ஆம் ஆண்டளவில்தான் வருகிறது. இவற்றையெல்லாம் நிறுத்துப் பார்த்த ஜெர்மானிய அறிஞர் வால்டர் பவ்வர், பிற்காலத்தார் 'திரிபு' என்று பெயரிட்டதே சில நகரங்களில் முதலில் வந்த கிறித்துவமாக இருந்தது என்று 1934 இல் நூலெழுதினார்.

373 இல் மறைந்த எபிரேமின் பாடலொன்றில் ஒரு மனக்குறை ஒலிக்கிறது. தம்மைச் சேர்ந்தோரை ஊரார் 'பாலூத்தியர்' என்று அழைக்கின்றனர் என்பதே அது. பாலூத் என்பார் அக்கூட்டத்தின் பழைய ஆயர். பொதுப்பெயர் முன்னரே வேறொருவர் கையில் இருந்தாலன்றி, நெறி தவறாதோர் எனத் தம்மைக் கருதியோர்க்கு ஒரு மனிதரின் பெயரால் அடையாளம் ஏற்படுமா? இங்கே பிரிந்தவர் யார்? எவரிடமிருந்து பிரிந்தார்?

பவ்வர் கூறியது முற்றும் ஏற்கத்தக்கதன்று. சான்று இன்மையையே சான்றாகக் கொண்ட இடங்கள் அவர் நூலில் உள்ளன. உரோமைச் சபையின் கைக்கு அவர் அளவுக்கு மீறிய வலிமை தந்துவிட்டார். 1945 இல் எகிப்தின் நாக் அம்மாதி அருகே மண்சாடியிலிருந்து கொப்டிக் சுவடிகள் வெளிப்பட்ட பின்னர், 'மறைக்கப்பட்ட இதுவே மெய்யான மூலக் கிறித்துவம்' என்று முழங்கியோரும் பழைய பிழையையே தலைகீழாகச் செய்தனர். அவர்களும் ஒரே வேரைத்தான் தேடினர். வேறிடத்தில் தோண்டினர், அவ்வளவே.

மயிலாப்பூரில் தோமா மறைந்தார் என்னும் மரபைத் தமிழர் அறிவர். தோமாவை இந்தியாவோடு இணைக்கும் மிகப் பழைய நூல் 'தோமாவின் பணிகள்'. 3 ஆம் நூற்றாண்டில் எதெசா வட்டாரத்தில் சிரியாக் மொழியில் எழுதப்பட்டது எனப் பெரும்பான்மை அறிஞர் கருதும் அந்நூல், திருமறை வரிசையில் இடம்பெறாமல் ஒதுக்கப்பட்டது. ஒதுக்கிய நூலின் நாயகனைப் போற்றுவோர், அந்நூலைப் படைத்த சமூகத்தை மட்டும் 'வழி தவறியது' என்று ஒரு வரியில் கடந்துபோதல் எவ்வகை நேர்மை?

வேற்றுமை என்றாலே பகை என்றும் கொள்ளலாகாது. பாஸ்கா விழாவை எந்நாளில் கொண்டாடுவது என்பதில் ஸ்மிர்னாவின் போலிகார்ப்பும் உரோமையின் அனிசேட்டசும் உடன்படவில்லை. உடன்படாமலே அமைதியாக விடைபெற்றனர். ஏறத்தாழ 190 இல் உரோமை ஆயர் விக்டர் ஆசியச் சபைகளை விலக்க முனைந்தபோது அவரைக் கடிந்துரைத்தவருள் ஒருவர் இரேனியஸ். திரிபுகளை மறுத்துப் பெருநூல் இயற்றிய அதே இரேனியஸ்!

ஒருமை பல இடங்களில் பின்னரே ஆக்கப்பட்டது. தாசியான் நான்கு நற்செய்திகளையும் ஒன்றாய்க் கோத்து அமைத்த 'தியாதெசரோன்' என்னும் நூலைச் சிரியாக் சபைகள் தலைமுறை தலைமுறையாக வழிபாட்டில் ஓதிவந்தன. 5 ஆம் நூற்றாண்டில் சீரஸ் நகர ஆயர் தியோதொரேத் தம் ஆட்சிக்குட்பட்ட சபைகளிலிருந்து அந்நூலின் இருநூற்றுக்கு மேற்பட்ட படிகளைத் திரட்டி அகற்றி, நான்கு நற்செய்திகளையும் தனித்தனியே வைத்தார். அப்படிகளை ஓதியவருள் தாசியானின் கூட்டத்தார் மட்டுமல்லர், அப்போஸ்தலரின் போதனையைப் பின்பற்றியோரும் இருந்தனர் என்று எழுதியிருப்பவர் அதே தியோதொரேத். அந்நூலின் சிரியாக் முழுப்படி ஒன்றுகூட இன்று இல்லை.