முதலாளிகளுக்குச் சலுகை, மாநிலங்களுக்குச் சுமை

2019 செப்டம்பர் 20 அன்று ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், பிற சலுகைகளைக் கோராத நிறுவனங்களுக்குக் கார்ப்பரேட் வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தார். புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கோ 15 சதவீதம் மட்டுமே. நாடாளுமன்ற விவாதத்திற்குக் கூடக் காத்திராமல் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று அரசே ஒப்புக்கொண்டது. அந்நிய முதலீடு குவியும், வேலை பெருகும் என்பது சொல்லப்பட்ட நியாயம். 2024 பட்ஜெட்டில் வெளிநாட்டு நிறுவனங்களுக்கான வரியும் 40லிருந்து 35 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

விளைந்தது என்ன? 2020-21இல் சுமார் 4,400 கோடி டாலராக இருந்த நிகர அந்நிய நேரடி முதலீடு, 2024-25இல் வெறும் 35 கோடி டாலராகச் சரிந்தது. மொத்த வரவு 8,100 கோடி டாலர். ஆனால் அந்நிய முதலீட்டாளர்கள் திரும்ப எடுத்துச் சென்றதே 5,000 கோடி டாலருக்கும் அதிகம். மீதியில் பெரும்பகுதிக்கு ஈடான தொகையை இந்தியப் பெருமுதலாளிகள் வெளிநாடுகளில் முதலீடு செய்தார்கள். 2023-24இல் பெருநிறுவனங்களின் லாபம் 22.3 சதவீதம் உயர்ந்தபோது வேலைவாய்ப்பு 1.5 சதவீதமே கூடியது என்று ஒன்றிய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே பதிவு செய்கிறது. மக்களின் வாங்கும் சக்தி வற்றியிருக்கும்போது, மிச்சமான வரிப்பணம் ஆலையாக மாறுவதில்லை. லாபக் கணக்கில்தான் சேர்கிறது.

இந்தச் சலுகையின் செலவை ஒன்றிய அரசு மட்டும் ஏற்கவில்லை. கார்ப்பரேட் வரி மாநிலங்களுடன் பகிரப்பட வேண்டிய வரி. அன்றைய 42 சதவீதப் பங்கின்படி கணக்கிட்டால், இழப்பில் சுமார் 60 ஆயிரம் கோடி ரூபாய் மாநிலங்களின் தலையில் விழுந்தது. அதே காலத்தில் கேரளத்தின் பங்கு 2.5 சதவீதத்திலிருந்து 1.925 சதவீதமாகவும் வெட்டப்பட்டது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் ஏன் நிலுவையானது என்று திருவனந்தபுரத்தின் ஸ்ரீவராகத்தில் ஒரு மூதாட்டி கேட்டால், விடையின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது.

வேலைவாய்ப்புக்கு வேறு வழி உண்டு என்பதற்கு அதே நகரம் சாட்சி. 1990இல் இ.கே. நாயனார் தலைமையிலான இடது முன்னணி அரசு கழக்கூட்டத்தில் டெக்னோபார்க்கை நிறுவியது. மென்பொருள் ஏற்றுமதிக்கு வரிவிலக்கு இருந்தது உண்மையே. ஆனால் அது நாடு முழுவதற்கும் பொதுவானது. கழக்கூட்டத்தை வேறுபடுத்தியவை அரசு தந்த நிலம், கட்டடம், மின்சாரம். பொதுக் கல்வி உருவாக்கிய இளைஞர்கள். அவற்றுக்கெல்லாம் வரி வருவாய் வேண்டும்.

ஆகவே கார்ப்பரேட் வரிச்சலுகையைத் திரும்பப் பெறுவதும், 2015இல் கைவிடப்பட்ட செல்வ வரியை மீட்பதும், அந்த வருவாயில் மாநிலங்களுக்கு உரிய பங்கை உறுதி செய்வதும் வேலைவாய்ப்புக்கான கோரிக்கைகளே. இதைத் தோழர்கள் வீடு வீடாக எடுத்துச் செல்ல வேண்டும்.