ஒத்திகை இல்லாத மூவர்

பல்லவி என்றால் நமது திருச்சிக்காரர்களுக்கு ஒரு தனி மோகம் உண்டு. இருக்கத்தானே வேண்டும்? ஆலத்தூர் சகோதரர்கள் இந்தச் சீமையின் சொத்தல்லவா? அவர்கள் உண்மையில் உடன்பிறந்தவர்கள் அல்லர். ஆலத்தூர் வேங்கடேசய்யர் தம் புதல்வர் சிவசுப்பிரமணிய அய்யருக்கும் சிஷ்யர் ஸ்ரீநிவாஸ அய்யருக்கும் சேர்த்துப் பாட்டுச் சொல்லிவைத்தார். ஜனங்கள் அவர்களைச் சகோதரர்களாக்கி விட்டார்கள். அவர்களுடைய பல்லவிக்கு இடக்கை வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை மிருதங்கம் வாசித்ததைக் கேட்ட பெரியவர்கள் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஆகாரத்தையே மறந்துவிடுவார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு மேனாட்டு ஜாஸ் ஸங்கீதத்தைப் பற்றி நாம் எழுதத் துணிந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு.

சென்ற மார்கழியில் திருவரங்கத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் கச்சேரி கேட்டோம். பாடகர், பிடில், மிருதங்கம் என்று மூன்றே பேர். கேட்டவர்கள் நாற்பது பேர் இருக்கலாம். ஒலிபெருக்கி கிடையாது. பாடகர் காம்போதியை விஸ்தாரம் செய்து, தானம் பாடி, ஒரு பல்லவியை எடுத்தார். அது என்ன பல்லவி, எடுப்பு எங்கே என்பதெல்லாம் மற்ற இருவருக்கும் அதுவரையில் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. மிருதங்கக்காரர் ஓர் ஆவர்த்தனம் சும்மா இருந்தார். அடுத்ததில் தொப்பியை மட்டும் இலேசாகத் தொட்டார். மூன்றாவதில் பாடகரோடு ஒன்றாய்க் கலந்துவிட்டார். ஸ்வரம் நடந்துகொண்டிருந்தபோது பாடகர் ஒரு ஸ்வரக்கோவையைப் பாதியில் விட்டார். வேண்டுமென்று விட்டாரோ, மூச்சு வாங்க விட்டாரோ! பிடில்காரர் அதன் கடைசி மூன்று ஸ்வரங்களைப் பற்றிக்கொண்டு தலைகீழாகத் திருப்பினார். மிருதங்கம் சட்டென்று நின்றது. கூடம் முழுவதும் நிசப்தம். பிறகு மூவரும் ஒரே க்ஷணத்தில் எடுப்பில் வந்து விழுந்தார்கள். முன்வரிசைக் கிழவர் ஒருவர் "அடாடா!" என்றார். அந்த 'அடாடா' பாடகர் காதில் விழுந்தது என்பதைக் கவனியுங்கள். பெரிய மண்டபமாயிருந்தால் விழுந்திருக்குமா?

அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் ஓர் இசைத்தட்டைப் போட்டுக் கேட்டோம். ஆர்னெட் கோல்மன் என்ற அமெரிக்க நீக்ரோவர் வழி வந்த ஸாக்ஸபோன் வித்வான், 1965-ஆம் வருஷம் டிஸம்பர் மாதம் ஸ்டாக்ஹோம் நகரில் 'கோல்டன் ஸர்க்கிள்' என்ற சிறு விடுதியில் வாசித்தது அது. கூட இரண்டே பேர்: ஆளுயரப் பிடில் போன்ற பாஸ் வாத்தியத்துக்கு டேவிட் ஐஸன்ஸன், மேளத்துக்குச் சார்லஸ் மாஃபெட்.

சாதாரண ஜாஸில் ஒரு பாட்டின் அமைப்பு, நமது தாள ஆவர்த்தனத்தைப் போலத் திரும்பத் திரும்பச் சுழன்றுகொண்டிருக்கும். அந்தச் சக்கரத்தின் மேல்தான் வித்வான் கற்பனை செய்வார். கோல்மன் அந்தச் சக்கரத்தையே கழற்றி வைத்துவிட்டார். 1960-இல் எட்டுப் பேரைக் கூட்டி ஏறக்குறைய முப்பத்தேழு நிமிஷம் இடைவிடாமல் வாசித்துப் பதிவு செய்த தட்டுக்கு அவர் வைத்த 'ஃப்ரீ ஜாஸ்' என்ற பெயரே இந்த வகைக்கு நிலைத்துவிட்டது.

முதல் தடவை கேட்கிறவர்களுக்கு அடுக்களையில் பூனை புகுந்தாற்போல்தான் இருக்கும். நமக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் திருவரங்கத்துக் கூடத்திலிருந்து நேரே வந்த காதுக்கு வேறொன்று புலப்பட்டது. நமது மூவரும் விழுந்து சேர்வதற்கு எடுப்பு என்று ஓர் இடம் இருந்தது. ஸ்டாக்ஹோம் மூவருக்கு அப்படி முன்னமே குறித்த இடம் இல்லை. மேளத்தின் நடை ஓடுகிறது. எங்கே திரும்புவது என்பதை மட்டும் ஒருவர் காதைப் பார்த்து மற்றவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஸாக்ஸபோன் ஒரு பிடியைப் பிடித்து நிறுத்தினால், ஐஸன்ஸன் வில்லை எடுத்து இழுக்கிறார், மாஃபெட் ஒதுங்கி வழிவிடுகிறார். ஒருவர் கவனம் பிசகினால் எல்லாம் வெறும் சத்தந்தான். சில இடங்களில் அப்படி ஆகியும் இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். கோல்மன் பிடிலையும் எடுத்து ஒரு பாட்டில் தேய்க்கிறார். அதை நம்மால் ரஸிக்க முடியவில்லை.

இந்த இரண்டு உலகங்களுக்கும் பாலம் போட்டவர் நம் ஊர்க்காரரே. பூவாளூரில் பிறந்து, பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் பயின்ற திருச்சி சங்கரன், 1971-இல் கனடா சென்று டொரொண்டோ யார்க் பல்கலைக் கழகத்தில் மிருதங்கம் கற்பித்தார். ஜாஸ் வாத்தியக்காரர்களுடனும் வாசித்தார். 2011-இல் ஸங்கீத கலாநிதியும் ஆனார். லயத்தில் ஊறிய கைக்கு அந்த ஸங்கீதம் அந்நியமாகப் படவில்லை போலும். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் காப்பிக்கு எழுந்து செல்லும் நமது ரஸிகர்களுக்குத்தான் இரண்டுமே அந்நியம்.

திருவரங்கத்து வீதிகளில் கூடமும் முற்றமுமாயிருந்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடிகள் எழும்புகின்றன. நாற்பது பேர் உட்காரத்தக்க கூடம் இன்னும் வைத்திருக்கும் நேயர் எவரேனும் உண்டானால் எழுதுங்கள். மூன்று வித்வான்களை அழைத்துவருவதும் ஜமக்காளம் விரிப்பதும் நமது பொறுப்பு. ஒலிபெருக்கிக்காரரை மட்டும் அழைக்க வேண்டாம்.